மெய் மெய்க்கு ஒரு வகுப்பு இருக்கு, நம்ம பிள்ளைக்கு?

 

சரஸ்வதி பூசை வருது. பிள்ளைங்களோட புத்தகங்களைக் கோயிலுக்குக் கொண்டு வந்து வைப்பீங்க. விஜயதசமி அன்னைக்குச் சின்னதுங்களுக்கு ஏடு தொடங்குவீங்க. எஸ்.பி.எம். எழுதப் போற பிள்ளைங்க பேனாவைத் தட்டுல வச்சு அர்ச்சனை பண்ணி எடுத்துட்டுப் போவாங்க. அர்ச்சனைச் சீட்டு எழுதுற மேசையில நான் உட்காருறதால, பெயர், ராசி, நட்சத்திரம் சொன்ன பிறகு பெற்றோர் மெதுவா சேர்த்துச் சொல்றதும் என் காதில் விழும். "நல்ல அறிவு வரணும்னு வேண்டிக்கச் சொல்லுங்க."

அந்த அறிவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனா புராணத்துல ஆரம்பிக்காம கார்ட்டூன்ல ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான்ல பலத்த மழை. எங்க கோயில் சமய வகுப்புக்குப் பாதிப் பிள்ளைங்கதான் வந்திருந்தாங்க. புதுப் பாடம் எடுத்தா வராதவங்களுக்கு விட்டுப்போகும். அதனால எல்லாரையும் மண்டபத்துல வட்டமா உட்கார வச்சு ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க பார்க்கிற கார்ட்டூன்லயே பெரிய அறிவாளி யாரு?"

பாடத்துல கேள்வி கேட்டா தரையைப் பார்க்கிற பிள்ளைங்க, அன்னைக்கு ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டுப் பதில் சொன்னாங்க. மெய் மெய்னு ஒரு குரல். ஜர்ஜிட்னு இன்னொண்ணு. எஜென் அலியில வர்ற அலிசியா, போபோய்போய்ல வர்ற யிங், ஃபினியஸும் ஃபெர்ப்பும். ஒரு பையன் "பிளாங்டன்"னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். மகளைக் கூட்டிட்டுப் போக வந்து தூண் ஓரமா நின்ன ஓர் அப்பா, "எங்க காலத்துல டெக்ஸ்டர்தான்" என்று அவரும் சேர்ந்துகிட்டார்.

ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏன்னு கேட்டேன். கண்டுபிடிப்பான், கணக்குப் போடுவா, எல்லாத்துக்கும் பதில் தெரியும் என்றெல்லாம் வந்தது. மெய் மெய்னு சொன்னது ஒன்பது வயசுப் பிள்ளை. அவ காரணம் வேற மாதிரி இருந்தது.

"அவ கை தூக்குனா சிக்கு ஜாஸ்மின் கோவிச்சுக்க மாட்டாங்க, அக்கா."

மற்ற பிள்ளைங்க மெய் மெய்யோட மூளையைப் பார்த்தாங்க. இந்தப் பிள்ளை மெய் மெய் உட்கார்ந்திருக்கிற வகுப்பைப் பார்த்திருக்கா.

உப்பின் இப்பின் தெரியாத வீடு மலேசியாவில் இருக்காது. 2007ல் ரமலான் மாதத்துக்காக ஆறே பகுதிகளோட தொடங்கினது அது. எடுக்கிற லெஸ் கோபாக் நிறுவனம் இயங்குறது நம்ம கிள்ளானுக்குப் பக்கத்துல இருக்கிற ஷா ஆலாம்ல. டூரியான் ருந்தோ கம்பத்துல தாடிகா மெஸ்ரானு ஒரு பாலர் பள்ளி. அங்க படிக்கிறதுல மெய் மெய் ஒருத்தி. கண்ணாடி போட்ட சீனப் பொண்ணு. ஆசிரியை கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் வச்சிருப்பா. தப்புப் பண்ற பையன்களை மிரட்டவும் செய்வா.

நல்லா கவனிச்சுப் பார்த்தா அந்தத் தொடர்ல மெய் மெய் கதாநாயகி இல்ல. கதை இரட்டைப் பசங்களைச் சுற்றித்தான் போகும். ஆனா அவளோட அறிவுக்கு அங்க ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. கோழி விற்கிற மயிலுக்கு விலைக் கணக்கு தெரியும், மெய் மெய்க்குப் பாடம் தெரியும், இசானுக்குச் சாப்பாடு தெரியும். ஒருத்தன் தெரியாம உளறுவான், எல்லாரும் சிரிப்பாங்க, அவள் சரியா சொல்லுவா, ஆசிரியை பாராட்டுவாங்க, அடுத்த நிமிஷம் எல்லாரும் வெளியே ஒண்ணா விளையாடுவாங்க. அதிகமா தெரிஞ்சதுக்காக யாரும் அவளைத் தனியா ஒதுக்குறது இல்ல.

ஜர்ஜிட் சிங்கை எடுத்துக்குங்க. சீக்கியப் பையன். படிப்புல மெய் மெய்க்கு நிகர் இல்லாம இருக்கலாம். ஆனா எது நடந்தாலும் அந்த இடத்துலயே ஒரு பாந்தூன் கட்டிடுவான். பாந்தூன் எளிதில்ல. நாலு வரி. முதல் ரெண்டு வரி ஏதோ ஒரு காட்சி, அடுத்த ரெண்டு வரியிலதான் விஷயம். முடிவு ஓசையும் ஒத்துப் போகணும். நம்ம மொழியில இப்படி நின்ன இடத்துல பாடுறவரை ஆசுகவின்னு சொல்லுவோம். ஆசுகவின்னாலே காளமேகப் புலவர் ஞாபகம் வரும். அவர் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில வேலை செய்தவர் என்றும், திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரி கொடுத்த தாம்பூலத்தால கவி பாடினார் என்றும் சொல்லுவாங்க. கோயில் சமையல்காரருக்கு அம்பாள் கொடுத்த அறிவு அது. எங்க கோயில் மடைப்பள்ளி அண்ணன்மார் இதைப் படிச்சா சந்தோஷப்படட்டும்!

இப்போ அந்த ஒன்பது வயசுப் பிள்ளையிடம் வர்றேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நடந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன்.

கந்தசஷ்டி சமயம். மாலையில சொற்பொழிவு. முருகப் பெருமான் பிரம்மாவைக் கூப்பிட்டுப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டார், பிரம்மாவுக்குச் சொல்லத் தெரியல, குட்டிச் சிறையில அடைச்சார், பிறகு தகப்பனுக்கே காதுல உபதேசம் செய்து சுவாமிநாதன் ஆனார். நாம எல்லாரும் எத்தனையோ தடவை கேட்ட கதை. முடிஞ்சதும் அன்னதானத்துக்கு வரிசை. நான் தட்டு எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். வரிசையில நின்ன அந்தப் பிள்ளை, சோறு போட்டுக்கிட்டிருந்த ஒரு பெரியம்மாகிட்ட கேட்டா:

"பெரியம்மா, பிரம்மாவை ஜெயில்ல போட்டுட்டா அப்போ குழந்தைங்களை எல்லாம் யாரு படைச்சது?"

பின்னால நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. பெரியம்மா முகம் மாறிடுச்சு. "சாமி விஷயத்துல அதிகப்பிரசங்கித்தனம் பண்ணக் கூடாது. சாமி கண்ணைக் குத்தும்." பிள்ளையோட அம்மாவுக்கு அவமானமாப் போச்சு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு நகர்ந்துட்டாங்க.

அந்தப் பெரியம்மாவை யாரும் தப்பா நினைக்க வேண்டாம். விடியற்காலையில வந்து காய்கறி நறுக்குறவங்க. தோட்டப்புறத்துல வளர்ந்தவங்க. சின்ன வயசுல அவங்க ஏதாவது கேட்டப்பவும் இதே பதில்தான் கிடைச்சிருக்கும். தனக்குக் கிடைச்சதைத்தான் அவங்களும் கொடுத்தாங்க.

ஆனா அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்புல கை தூக்குறதை நிறுத்திட்டா. தெரியாம போகல. தேவாரம் ஒப்பிக்கச் சொன்னா எல்லாருக்கும் முன்னாடி முடிப்பா. எழுத்துத் தேர்வுல முழு மதிப்பெண் வாங்குவா. வாய் மட்டும் திறக்காது. ஒரு மழை நாள்ல, கார்ட்டூன் பேச்சுக்கு நடுவுலதான் அது வெளியே வந்தது.

கேள்வி கேட்கிற வழியை அடைச்சா பிள்ளையோட அறிவு எங்கே போகும்? அன்னைக்குப் பிள்ளைங்க சொன்ன கார்ட்டூன்களையே வச்சு யோசிச்சேன். அது வேற வழி தேடிக்கும்.

முதல் வழி டெக்ஸ்டர். 1996ல் கார்ட்டூன் நெட்வொர்க்ல தொடங்கின தொடர். சின்னப் பையன், வீட்டுக்குள்ளேயே அம்மா அப்பாவுக்குத் தெரியாம பெரிய ஆராய்ச்சிக்கூடம் வச்சிருப்பான். அதுல ஒரு கதை ரொம்பப் பிரபலம். மறுநாள் பிரெஞ்சு மொழித் தேர்வு. டெக்ஸ்டர் தூங்கும்போதே பாடம் மண்டையில ஏறணும்னு ஓர் இசைத்தட்டை ஓட விட்டுட்டுப் படுப்பான். தட்டு ஒரே இடத்துல மாட்டிக்கும். இரவு முழுக்க ஒரே சொற்றொடர், சீஸ் போட்ட முட்டை ஆம்லெட்டோட பிரெஞ்சுப் பேர். காலையில எழுந்தா அவனால வேற எதுவும் பேச முடியல. வேடிக்கை என்னன்னா, எதைக் கேட்டாலும் அதையே சொல்றான், ஊரே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. கடைசியில வீட்டுக்கு வந்து ஆராய்ச்சிக்கூடம் கடவுச்சொல் கேட்கும்போது அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரல. எல்லாம் வெடிச்சுச் சிதறிடும்.

பதினோரு நிமிஷத்துக்குள்ள முடியற சிரிப்புக் கதைதான். ஆனா திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைங்களைப் பழக்குற எனக்கு அது சிரிப்போட நிக்கல. பதிகத்தை ராகத்தோட, பிழையில்லாம ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கைதட்டுறோம். தட்டணும். அது பெரிய விஷயம். ஆனா அந்தப் பதிகம் எந்த ஊர்ல, எந்தக் கஷ்டத்துல, யாரைப் பார்த்துப் பாடினது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? கேட்க இடம் கொடுத்தோமா? பின்னால வாழ்க்கையில ஒரு கதவு கடவுச்சொல் கேட்கும்போது, மனப்பாடம் மட்டும் இருந்தா அது திறக்காது.

இரண்டாவது வழி எஜென் அலி. 2016ல் வந்த நம்ம நாட்டுத் தொடர். அலிக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளியில கெட்டிக்காரன் கிடையாது. ஐரிஸ் என்ற ஒரு கருவி தற்செயலா அவன் கண்ணுல மாட்டிக்குது. அடுத்து என்ன செய்யணும் என்று அது காட்டிக் கொடுக்கும். அவனும் மாத்தா என்ற உளவு நிறுவனத்துல ஏஜென்ட் ஆயிடுறான். மலாய்ல மாத்தான்னா கண். நம்ம பிள்ளைங்க கையில இருக்கிற கைப்பேசியும் இப்போ ஐரிஸ் மாதிரிதான். எதைக் கேட்டாலும் சொல்லும். திட்டாது, கண்ணைக் குத்தும்னு பயமுறுத்தாது. கோயில்ல கேட்க முடியாததைப் பிள்ளை அதுகிட்டப் போய்க் கேட்கும். அது சரியும் சொல்லும், தப்பும் சொல்லும், நம்ம சாமியைக் கேலி பண்ற காணொளிக்கும் கூட்டிட்டுப் போகும். நமக்கே தெரியாது.

மூன்றாவது வழிதான் பிளாங்டன். ஸ்பொஞ்ச்பாப்ல வர்ற சின்னப் பூச்சி மாதிரி ஆசாமி. உண்மையிலேயே மேதை. காலேஜ் படிச்சவன்னு பெருமையா சொல்லிக்குவான். அவன் மனைவியே ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவு மூளையையும் எதுக்குச் செலவழிக்கிறான்? எதிர்க்கடைக்காரரோட பர்கர் செய்முறையைத் திருடுறதுக்கு! தன் கடையில நல்ல சாப்பாடு செய்யக் கத்துக்கிட்டிருந்தா அந்த மூளைக்கு ஒரு வாரம் போதும். இதைப் பிள்ளைங்ககிட்டச் சொன்னதும் ஒரு பையன், "அக்கா, இராவணன் மாதிரி" என்றான். எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. வேதம் படிச்சவன், வீணை வாசிச்சவன், சாமகானம் பாடி ஈசனையே மகிழ வச்சவன். அறிவுல குறையே இல்ல. அது எந்தப் பக்கம் ஓடினது என்பதுதான் குறை. இதை நான் சொல்லிக் கொடுக்கல. பேச விட்டதால அவனே கண்டுபிடிச்சான்.

இந்த இடத்துல சில பெற்றோர் கேட்பீங்க. "கார்ட்டூன்ல நம்ம பிள்ளைங்களை எப்படிக் காட்டுறாங்கன்னு பார்த்தீங்களா?" பார்த்திருக்கேன். 2011ல் வந்த போபோய்போய்ல முதல் மதிப்பெண்ணுக்குப் போட்டி போடுறது யாயாவும் யிங்கும். நம்ம கோபால் பயந்தவன், சாப்பாட்டு ராமன். அவனுக்குக் கிடைச்ச சக்தியே பொருள்களைத் தின்பண்டமா மாத்துறதுதான். உப்பின் இப்பின்ல தேவி இருக்கா, ராஜூ இருக்கான், கடை வச்சிருக்கிற முத்து மாமா இருக்கார். எல்லாரும் நல்லவங்க. பிள்ளைங்களுக்குக் கோபாலைப் பிடிக்கவும் செய்யுது. ஆனா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு முதல்ல கை தூக்குற பிள்ளை நம்ம பிள்ளையா இருந்தா எப்படி இருக்கும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு.

அமெரிக்காவுலயும் இந்தக் கதைதான். 1989லிருந்து ஓடுற சிம்ப்சன்ஸ்ல அப்பு என்ற ஓர் இந்துக் கடைக்காரர் வருவார். அவர் பேச்சை வச்சுப் பண்ணின கேலியால நம்மவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பட்ட பாடு கொஞ்சமில்ல. கடைசியில அவருக்குக் குரல் கொடுத்த நடிகரே 2020ல் விலகிக்கிட்டார். அந்த அப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல முனைவர் பட்டம் வாங்கினவர் என்பது பலருக்கு ஞாபகமே இருக்காது. இவ்வளவு படிச்சவரைக் கல்லாவுல உட்கார வச்சுச் சிரிச்சாங்க.

ஆனா அதே தொடர்ல 1995ல் வந்த ஒரு பகுதியை எல்லாருக்கும் சொல்ல விரும்புறேன். லிசானு எட்டு வயசுப் பிள்ளை. அந்த ஊர்லயே அவளுக்குத்தான் மூளை அதிகம், அதனாலேயே தனிமையும் அதிகம். ஒரு நாள் ஆட்டுக்குட்டியைத் தடவிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வர்றா. தட்டுல ஆட்டுக்கறி. இது அதுதானே என்ற கேள்வி அவளுக்குள்ள வந்துடுது. சாப்பிட முடியல. அப்பா திட்டுறார், பள்ளியில கேலி பண்றாங்க. அவளும் கோபத்துல அப்பா வச்ச விருந்தையே கெடுத்துடுறா. கடைசியில வீட்டை விட்டு ஓடிவந்து நிக்கிற இடம் அப்புவோட கடை. அவர் அவளைக் கடைக்குள்ள இருக்கிற ரகசியப் படி வழியா மாடித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறார். தானும் புலால் உண்ணாதவன் என்று சொல்றார். அதோட, உண்கிறவங்களை வெறுக்காம பொறுத்துப் போகக் கத்துக்கிட்டேன் என்றும் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பகுதிக்குக் குரல் கொடுத்த பாடகர் பால் மெக்கார்ட்னி, லிசா இனி எப்பவும் சைவமாவே இருக்கணும்னு கேட்டுக்கிட்டாராம். இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்கா.

நம்மைக் கேலி பண்ணின தொடர்தான். இருந்தாலும் கேள்வி கேட்டதால எல்லாராலும் விரட்டப்பட்ட ஓர் அறிவாளிப் பிள்ளைக்கு, "வாம்மா, மேல வா" என்று இடம் கொடுக்கிறவர் யார்னு எழுத வந்தப்போ, அவங்களுக்கு ஓர் இந்துதான் ஞாபகத்துக்கு வந்திருக்கார். அந்தப் பேர் நமக்குப் பொருத்தமா இருக்க வேண்டாமா?

இனி பிரம்மா விஷயத்துக்கு வர்றேன். அந்த மழை நாளுக்குப் பிறகு எங்க குருக்கள்கிட்டப் போனேன். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். சாயரட்சை முடிஞ்சு ஓய்வா இருந்தார். பிள்ளையோட கேள்வியை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்துட்டார். "யாரு கேட்டா? எத்தனை வயசு?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சொன்னார்.

கந்தபுராணத்துலயே இதுக்குப் பதில் இருக்கு. பிரம்மா சிறையில இருந்த காலத்துல படைப்புத் தொழிலை நிறுத்தி வைக்கல. முருகப் பெருமானே அதைச் செய்தார். கையில வேல் இல்லாம, பிரம்மாவுக்குரிய ஜபமாலையும் கமண்டலமும் ஏந்தி இருக்கிற கோலம் அது. பிரம்ம சாஸ்தானு பேர். தொண்டை மண்டலத்துப் பழைய முருகன் கோயில்கள்ல இந்தக் கோலத்தைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் குமரகோட்டத்து மூலவரே அப்படித்தான் அமர்ந்திருக்கார். கந்தபுராணத்தைத் தமிழ்ல பாடின கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தக் குமரகோட்டத்துல பூசை செய்தவர்.

அப்படின்னா என்ன அர்த்தம்? கிள்ளான்ல அன்னதான வரிசையில ஒன்பது வயசுப் பிள்ளை கேட்ட கேள்வியைப் பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே யாரோ கேட்டிருக்காங்க. அதுக்கு ஒரு புராணம் பதில் சொல்லியிருக்கு. அந்தப் பதிலை ஒரு சிற்பி கல்லுல செதுக்கியிருக்கார். அதுக்குத் தினமும் அபிஷேகம் நடக்குது. நாம மட்டும் கண்ணைக் குத்தும்னு சொல்லிட்டோம்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கைப்பேசியில பிரம்ம சாஸ்தா படத்தைக் காட்டினேன். மாலையைப் பார்த்தா, கமண்டலத்தைப் பார்த்தா. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டா: "அப்போ நான் கேட்டது தப்பில்லையா, அக்கா?"

அன்பர்களே, அந்த ஒரு கேள்வியை ஒரு குழந்தை எத்தனை மாசம் மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கு பாருங்க. சாமி தன் மேல கோபமா இருக்கார்னு நினைச்சுக்கிட்டே வாராவாரம் வந்து தேவாரம் பாடியிருக்கா.

நம்ம சமயம் கேள்விக்குப் பயந்த சமயமே இல்ல. கடோபநிஷத்துல நசிகேதன் சிறு பையன். தகப்பன் யாகத்துல கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுக்கிறதைப் பார்த்துட்டு, "என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று மூணு தடவை கேட்டான். தகப்பன் எரிச்சல்ல எமனுக்குன்னு சொல்லிட்டார். எமன் வாசலுக்கே போய் மூணு நாள் காத்திருந்து, செத்த பிறகு என்ன ஆகும் என்று எமனிடமே கேட்டான். எமன் பொன் தர்றேன், ஆயுள் தர்றேன், இதை மட்டும் கேட்காதேன்னு சொல்லிப் பார்த்தார். பையன் அசையல. கடைசியில எமனே மகிழ்ந்து உபதேசம் செய்தார். தகப்பன் கோபப்பட்ட கேள்விப் பிள்ளைக்கு எமதர்மன் ஆசிரியர் ஆனார்.

கிள்ளான் பெருமாள் கோயிலுக்குப் போறவங்களுக்கு நம்மாழ்வார் கதை தெரிஞ்சிருக்கும். ஆழ்வார்திருநகரியில புளியமரத்தடியில பதினாறு வயசு வரைக்கும் கண் திறக்காம, வாய் பேசாம இருந்தார். வயசான மதுரகவியார் வந்து ஒரு கேள்வி கேட்டதும்தான் பேசினார். பேசாத பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாம முடிவு பண்ணிடுறோம். சரியான கேள்வியோட யாரும் இன்னும் பக்கத்துல போகாம இருக்கலாம். கேட்கிற பிள்ளையையும் அடக்கக் கூடாது, பேசாத பிள்ளையையும் விட்டுடக் கூடாது.

தெனாலிராமனை 2003ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுல தொடராவே காட்டினாங்க. அவர் கதையில காளி ஆயிரம் முகத்தோட வந்து நிக்கிறா. ராமன் விழுந்து கும்பிடாம சிரிக்கிறான். ஏண்டா சிரிக்கிறேன்னு கேட்டா, ஒரு மூக்குல சளி பிடிச்சாலே ரெண்டு கை போதல, உனக்கு ஆயிரம் மூக்காச்சே தாயே என்கிறான். காளி கண்ணைக் குத்தினாளா? அவளும் சிரிச்சா. விகடகவி ஆகுன்னு வரம் கொடுத்தா. கையில சூலம் வச்சிருக்கிற காளிக்கே அவ்வளவு பொறுமை.

"அப்படின்னா மரியாதை வேண்டாமா? பூசை நடக்கும்போது பிள்ளைங்க பேசிக்கிட்டே இருக்கலாமா?" என்று சிலர் கேட்பீங்க. வேண்டாம். தீபாராதனை நேரம் அமைதி வேணும். பெரியவங்க முன்னாடி அடக்கம் வேணும். அடக்கம்னா குரலைத் தாழ்த்துறது. மூளையை மூடி வைக்கிறது இல்ல. பதில் தெரியாதப்போ "எனக்குத் தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு பெரியவர் சொன்னா மரியாதை கூடத்தான் செய்யும்.

கோயில்ல பொருள் சொல்றதுக்கு ஒரு காலத்துல முறையே இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலைக் கட்டினவங்க யாழ்ப்பாணத் தமிழர்கள். அவங்க ஊர்க் கோயில்கள்ல கந்தபுராணப் படிப்புனு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பாட்டைப் படிப்பார், இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பயன் சொல்லுவார். ஓதுறது ஒரு வேலை, விளக்குறது இன்னொரு வேலை. ரெண்டும் சாமி முன்னாடியே நடக்கும். புதுசா எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்ல, இதைத் திரும்பக் கொண்டு வந்தா போதும்.

அதனால எங்க கோயில்ல சின்னதா ஓர் ஏற்பாடு செய்திருக்கோம். காலணி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பெட்டி. பிள்ளைங்க என்ன கேள்வியும் எழுதிப் போடலாம், பெயர் எழுதத் தேவையில்ல. தமிழ் எழுத வராத பிள்ளை மலாய்லயோ இங்கிலீஷ்லயோ எழுதட்டும். ஞாயிறு வகுப்புல கடைசி பதினைந்து நிமிஷம் அதுக்குத்தான். குருக்கள் முடிஞ்சப்போ வந்து உட்காருவார். இதுவரை வந்ததுல சில: "பிள்ளையார் எலி மேல ஏறுனா எலிக்கு வலிக்காதா?" "அபிஷேகப் பாலைப் பசியா இருக்கிறவங்களுக்குக் கொடுத்தா சாமி கோவிச்சுக்குமா?" "என் சீனக் கூட்டாளி செத்துப் போனா அவன் கைலாசத்துக்கு வருவானா?"

கடைசிக் கேள்வியைப் படிச்சப்போ குருக்களும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அதுக்கு அவசரமா பதில் சொல்ல முடியாது. எழுதின பிள்ளைக்கு ஒரு நல்ல நண்பன் இருக்கான் என்பது மட்டும் புரிஞ்சது.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கோயில்ல இருந்து வீட்டுக்குப் போகும்போது கார்ல "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்கிறதோட, "இன்னைக்கு என்ன கேட்ட?" என்றும் கேளுங்க. அன்னதானம், அர்ச்சனை மேசை, பால்குட வரிசைனு நிக்கிற என் சக தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை உங்ககிட்ட ஏதாவது கேட்டா, பதில் தெரியலைன்னா பெட்டியைக் காட்டுங்க. அது போதும்.

அந்தப் பெரியம்மாவும் போன வாரம் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. "பெரியவங்களும் போடலாமா, பாப்பா?" என்று கேட்டாங்க. தாராளமா போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.